ஸ்கீயில் நடந்து வேலைக்குப் போவது

நார்வேயில் பனிச்சறுக்கைக் குறிக்க அன்றாடப் பேச்சில் வழங்கும் சொற்றொடர் 'கோ போ ஷீ' என்பது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'ஸ்கீயில் நடப்பது' என்று வரும். ஸ்கீ என்பது பனியில் செல்லக் காலணியோடு மாட்டிக்கொள்ளும் நீண்ட, ஒடுங்கிய பலகை. இங்கு குடிவந்த முதல் குளிர்காலத்தில் இதை ஒரு மொழி வழக்காக மட்டுமே எடுத்துக்கொண்டேன். லில்லஹாமர் நகருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் வீட்டிலிருந்து, கீழே நான் வேலை பார்க்கும் இடத்துக்கு, பனி போதிய அளவு விழுந்திருக்கும் நாள்களிலெல்லாம் ஸ்கீ மாட்டிக்கொண்டே போய்வரத் தொடங்கி இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சொற்றொடர் எவ்வளவு துல்லியமானது என்பது இந்த ஆறு ஆண்டுகளில்தான் எனக்கு விளங்கியது.

'சறுக்கு' என்னும் நம் சொல் கேட்பவர் மனத்தில் வேறொரு காட்சியை எழுப்பிவிடுகிறது. உயரமான மலை, மேலே கொண்டுபோய்விடும் கம்பிவட ஊர்தி, அங்கிருந்து தலைக்கவசம் அணிந்து அதிவேகமாக இறங்கும் ஒருவர். ஸ்கீயில் வேலைக்குப் போகிறேன் என்று ஊரில் உள்ள உறவினர்களிடம் சொன்னபோதெல்லாம் அவர்கள் அஞ்சியது இந்தக் காட்சியை நினைத்துத்தான். அது ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் பெயரால் வழங்கும் விளையாட்டு. அதில் காலணியின் முன்புறமும் குதிகாலும் பலகையோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். நான் சொல்வதில் காலணியின் முனை மட்டுமே பலகையோடு பிணைந்திருக்கும், குதிகால் தடையின்றி மேலெழும். குதிகால் எழுந்தால்தான் அடியெடுத்து வைக்க முடியும் என்பது நடக்கும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வலக்கால் முன்னே போகும்போது இடக்கை கோலை ஊன்றுகிறது, இடக்கால் போகும்போது வலக்கை ஊன்றுகிறது. சாலையில் கைவீசி நடப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஒவ்வோர் அடியின் முடிவிலும் கால் சிறிது தூரம் தானாக வழுக்கிச் செல்கிறது என்பதுதான்.

அந்த வழுக்கல் எப்படி நிகழ்கிறது, அடுத்த கணமே உந்துவதற்கு வேண்டிய பிடிப்பு அதே பலகைக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. ஸ்கீ தட்டையான பலகையன்று. தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் வில்லைப்போல் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு கால்களிலும் எடை சமமாக இருக்கும்போது அந்த வளைவு முழுதும் அமுங்காது. பனியைத் தொடுவது முன்பகுதியும் பின்பகுதியும்தான், அவை வழுக்கும். ஒற்றைக் காலில் எடை முழுவதையும் இறக்கி அழுத்தும்போது வில் அமுங்கி, பாதத்துக்கு நேர் கீழே உள்ள நடுப்பகுதி பனியைத் தொடுகிறது. அந்த இடத்தில் பூசியிருக்கும் மெழுகில் பனித்துகள்களின் கூர்முனைகள் நுணுக்கமாகக் குத்தி நிற்க, கால் பின்வாங்காமல் உடலை முன்னே தள்ள முடிகிறது. எடையை எடுத்ததும் வில் நிமிர்கிறது, துகள்கள் விடுபடுகின்றன, பலகை மறுபடியும் வழுக்குகிறது. பிடித்தலும் விடுதலும் ஒரே பலகையில், ஒரே அடிக்குள், எந்த இயந்திரமும் இல்லாமல் நடந்து முடிகின்றன. நான் பயன்படுத்தும் பொருள்களில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு நுட்பமும் சேர்ந்த வேறொன்று இல்லை.

மெழுகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த, கடுங்குளிரில் உள்ள பனியின் துகள்கள் கூர்மையாக இருக்கும். அவற்றுக்குக் கடினமான மெழுகு போதும். பனி பழசாகி, வெப்பம் சுழியத்தை நெருங்கும்போது துகள்களின் முனைகள் மழுங்கிவிடுகின்றன. அவற்றைப் பிடிக்க மென்மையான மெழுகு வேண்டும். உருகி மறுபடி உறைந்து கண்ணாடிபோல் ஆன தடத்தில் எந்த மெழுகும் பிடிக்காது. அங்கே 'கிளிஸ்டர்' என்னும், குழாயிலிருந்து பிதுக்கிப் பூசும் பிசின் தேவைப்படும். இவற்றை நிறத்தால் அடையாளம் காண்கிறார்கள்: கடுங்குளிருக்குப் பச்சை, அதற்கு அடுத்து நீலம், சுழியத்தை ஒட்டி ஊதா, அதற்கு மேல் சிவப்பு. இப்போது அடியில் மொஹேர் ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீகள் கடைகளில் நிறைய கிடைக்கின்றன, அவற்றுக்கு மெழுகே வேண்டாம். வேலைக்கு அவசரமாகக் கிளம்புகிறவருக்கு அவையே வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் மெழுகை விடவில்லை. காலையில் வாசலில் நின்று வெப்பமானியைப் பார்த்து, கையுறை அணிந்த கையில் ஒரு பிடி பனியை எடுத்து இறுக்கி, அது உருண்டையாகிறதா உதிர்கிறதா என்று பார்த்த பிறகு டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் அந்த இரண்டு நிமிடங்களில், நான் போகப்போகும் வழியைப் பற்றி வேறெந்த வகையிலும் கிடைக்காத செய்தி எனக்குக் கிடைக்கிறது.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் எண்பது வயதைக் கடந்த பக்கத்து வீட்டு அம்மையார். பள்ளிக்கூடத்துக்கு ஸ்கீயில் போய்வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். இரண்டாம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், தடம் பனிக்கட்டியாக இறுகியிருந்ததைப் பார்த்துக் கிளிஸ்டர் பூசிக்கொண்டு கிளம்பினேன். காலைப் பயணத்துக்கு அது மிகச் சரியான தேர்வு. பிற்பகலில் புதுப்பனி கொட்டி, வெப்பம் மைனஸ் மூன்றுக்கு இறங்கியது. மாலையில் திரும்பும்போது அந்தப் பிசினில் புதுப்பனி ஒட்டி, அதன்மேல் மேலும் பனி ஒட்டி, ஒவ்வொரு காலின் கீழும் ஒரு சாண் உயரக் கட்டி சேர்ந்துவிட்டது. இருபது அடிக்கு ஒருமுறை நின்று சுரண்டியும் பயனில்லை. ஐம்பது நிமிடத்தில் ஏறும் மேட்டை, ஸ்கீகளைத் தோளில் சுமந்து, முழங்கால்வரை புதைந்து புதைந்து இரண்டு மணி நேரத்தில் ஏறினேன். அம்மையார் அதைக் கேட்டுவிட்டுக் கடிந்துகொள்ளவில்லை. காலையில் பார்க்க வேண்டியது காலடியில் இருக்கும் பனியை மட்டுமன்று, மாலையில் விழப்போகும் பனியையும்தான் என்று சொல்லி, சுரண்டியும் வேறு இரண்டு டப்பா மெழுகும் எப்போதும் பையில் இருக்கவேண்டும் என்று எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து அவை என் பையை விட்டு நீங்கியதில்லை.

என் வழி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். காலையில் இறக்கம், இருபத்தைந்து நிமிடம் போதும். மாலையில் ஏற்றம், செங்குத்தான இடங்களில் ஸ்கீகளின் முனைகளை வெளிப்புறமாக விரித்து, உள்விளிம்பைப் பனியில் பதித்து ஏற வேண்டும். அப்படி ஏறிய பின் திரும்பிப் பார்த்தால் தடத்தில் மீன் முள்ளின் வடிவம் தெரியும். நார்வேஜியரும் அதை மீன்முள் என்றே சொல்கிறார்கள், மூன்று வயதுக் குழந்தையும் அந்தச் சொல்லை அறிந்திருக்கிறது. வழியில் முதலில் காடு, பிறகு இரண்டு பண்ணைகளின் வயல்கள், பிறகு நகரத்தின் தெருக்கள்.

அந்த வயல்களைப் பற்றி ஒரு செய்தி. நான் வந்த முதல் கோடையில், சாலை சுற்றிக்கொண்டு போகிறதே என்று ஒரு வயலின் குறுக்கே நடந்தேன். மாட்டுத் தீவனத்துக்காகப் புல் வளர்த்திருந்த வயல் அது. பண்ணைக்காரர் வந்து, மிகவும் மரியாதையாக, சாலை வழியே போகுமாறு கேட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்து வந்த ஜனவரியில், அதே வயலின் நடுவே இரண்டு கோடுகளாக ஸ்கீத் தடம் ஓடுவதையும், அதில் ஊரார் போய்வருவதையும் கண்டேன். பண்ணைக்காரர் தம் களஞ்சிய வாசலில் நின்று எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தார். விசாரித்தபோதுதான் 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டத்தைப் பற்றித் தெரிந்தது. காடும் மலையும் ஆண்டு முழுவதும் எல்லோரும் நடந்து செல்லத் திறந்தவை. பயிரிடும் நிலத்தின் குறுக்கேயோ தரை உறைந்திருக்கும்போது அல்லது பனி மூடியிருக்கும்போது யாரும் போகலாம். ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை மட்டும் அந்த உரிமை இல்லை. வீட்டு வளாகத்துக்கும் முற்றத்துக்கும் இது பொருந்தாது. பனியின் கீழ் உறங்கும் நிலத்துக்கு அதன் மேலே போகிறவரால் கேடில்லை என்ற பழைய வழக்கத்தையே சட்டமும் எழுதிவைத்திருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் வரப்பைத் தேடாமல் குறுக்கே ஒற்றையடிப் பாதை போட்டுக்கொள்ளும் ஊரில் வளர்ந்த எனக்கு இது உடனே விளங்கியது. குளிர்காலம் வந்தால் வழிகள் அடைபடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே கோடையில் இல்லாத நேர்வழிகள் குளிர்காலத்தில் திறக்கின்றன.

ஸ்கீ என்ற சொல்லே பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இந்த மரத்துண்டுகள் எத்தனை காலமாகப் போக்குவரத்துக்குப் பயன்பட்டன என்பதற்கு, நான் வாழும் இன்லாந்தெத் மாநிலத்திலேயே மிக அருமையான சான்று கிடைத்திருக்கிறது. ரைன்ஹைமன் மலைப்பகுதியில் டிகெர்வார்டன் என்னும் இடத்தில், உருகிவரும் பனித்திட்டின் விளிம்பில், 2014இல் தொல்லியலாளர்கள் ஒரு ஸ்கீயைக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய 1,300 ஆண்டுப் பழமை கொண்டது. அதன் இணை எங்கே என்று ஏழு ஆண்டுகள் காத்திருந்து, பனி மேலும் பின்வாங்கிய 2021இல், முதல் ஸ்கீ கிடைத்த இடத்துக்குச் சில மீட்டர் தொலைவிலேயே இரண்டாவதையும் எடுத்தார்கள். அது 187 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம். கால் வைக்கும் மேடும், கட்டிய வாரும் எஞ்சியிருந்தன. என் மனத்தைத் தொட்டது வேறொன்று. இரண்டும் ஒன்றுபோல் இல்லை. நெடுநாள் உழைத்த தேய்மானமும் பழுதுபார்த்த அடையாளமும் அவற்றில் தெரிகின்றன. ஒன்று உடைந்தால் அதைச் சரிசெய்து, இன்னொன்று தேய்ந்தால் வேறொன்றைச் சேர்த்து, யாரோ ஒருவர் ஓயாமல் பயன்படுத்தியிருக்கிறார். நம் வீடுகளில் கைப்பிடி மாற்றி மாற்றி வைத்திருக்கும் மண்வெட்டியைப்போல் அது ஒரு வேலைக் கருவியாக இருந்திருக்கிறது.

எங்கள் நகரத்தின் சின்னத்திலும் ஒரு ஸ்கீ மனிதர் இருக்கிறார். 1206இல், உள்நாட்டுப் போரின் நடுவே, பிற்காலத்தில் அரசராகவிருந்த ஹோக்கன் என்ற குழந்தையைப் பிர்கபைனர் என்ற தரப்பின் வீரர்கள் இருவர் லில்லஹாமரிலிருந்து மலை தாண்டி ஊஸ்தர்டாலன் பள்ளத்தாக்குக்கு ஸ்கீயில் தூக்கிச் சென்றார்கள். அதன் நினைவாக 1932 முதல் நடக்கும் 54 கி.மீ. ஓட்டத்தில், குழந்தையின் எடைக்கு ஈடாக ஒவ்வொருவரும் 3.5 கிலோ சுமையை முதுகில் சுமக்க வேண்டும் என்பது விதி. போட்டிகளில் எனக்கு ஈடுபாடு குறைவு. ஆயினும் இந்த ஒரு விதிக்காக அந்த ஓட்டத்தை மதிக்கிறேன். ஸ்கீ எதையோ எங்கோ கொண்டு சேர்ப்பதற்கானது என்பதை அது மறக்கவில்லை.

கொண்டு சேர்ப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் யோன் டோர்ஸ்டைன்சன் ருயே. தெலமார்க் மாவட்டத்தின் டின் என்ற ஊரில் 1827இல் பிறந்து, பத்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். அங்கே ஜான் தாம்சன் ஆனார். தங்கம் தேடி மக்கள் கலிபோர்னியாவுக்குத் திரண்ட காலத்தில் அவரும் போனார். சியர்ரா நெவாடா மலைத்தொடர் குளிர்காலத்தில் பனியால் மூடிக்கொள்ளும்போது, மலைக்குக் கிழக்கே குடியேறியவர்களுக்குக் கடிதம் போய்ச்சேர வழியில்லை. அஞ்சல் சுமக்க ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்த தாம்சன், தாம் சிறுவயதில் கண்ட ஸ்கீகளை நினைவிலிருந்து ஓக் மரத்தில் செய்துகொண்டார். மூன்று மீட்டர் நீளம், பதினோரு கிலோ எடை. 1856 ஜனவரியில் மலைக்கு மேற்கே உள்ள பிளாசர்வில்லிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 145 கி.மீ. தொலைவில் மலைக்குக் கிழக்கே உள்ள ஜெனோவா என்ற குடியிருப்பை மூன்று நாளில் அடைந்தார். திரும்புவதற்கு இரண்டே நாள் ஆனது, ஏனெனில் மேற்குப் பக்கத்து நீண்ட சரிவு அப்போது இறக்கமாக அமைந்தது. அங்கிருந்தவர்கள் ஸ்கீயை அறியாததால் அதை 'நார்வேப் பனிச்செருப்பு' என்றார்கள். அவருக்கும் 'ஸ்னோஷூ தாம்சன்' என்றே பெயர் நிலைத்தது.

இருபது குளிர்காலங்கள் அவர் இந்தப் பணியைச் செய்தார். ஒற்றை நெடுங்கோலைக் கையில் பிடித்து, போர்வையும் ஆயுதமும் இல்லாமல், பாறைகளையும் நீரோட்டங்களையும் விண்மீன்களையும் பார்த்தே வழி கண்டார். அதே 1856இன் டிசம்பரில், மலைநடுவே ஒரு குடிலில் ஜேம்ஸ் சிசன் என்பவர் பாதங்கள் உறைந்து கிடப்பதைக் கண்டு, ஜெனோவாவுக்கு விரைந்து ஆள்களைத் திரட்டி வந்து அவரை அங்கே கொண்டு சேர்த்தார். பாதங்களை எடுக்க வேண்டும், அதற்குக் குளோரோபாம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, அதைக் கொண்டுவருவதற்காக மறுபடியும் மலை கடந்து கலிபோர்னியாவுக்குப் போய் வந்தார். ஒரு மனிதரின் உயிருக்காக இத்தனை முறை அந்த மலையைக் கடந்தவருக்கு, அஞ்சல் சுமந்ததற்கான உரிய ஊதியம் கடைசிவரை கிடைக்கவில்லை. 1872இல் வாஷிங்டனுக்கே போய் முறையிட்டும் பயனில்லை. 1876இல் காலமானார், ஜெனோவா இடுகாட்டில் அவருடைய கல்லறைக் கல்லில் ஒரு சோடி ஸ்கீ செதுக்கப்பட்டிருக்கிறது. துருவப் பயணிகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நான்சென் 1888இல் கிரீன்லாந்தை ஸ்கீயில் கடந்ததும், அமுன்சென் குழு 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்ததும் மாபெரும் செயல்கள்தாம். எனக்கோ பிறருடைய கடிதங்களைச் சுமந்து ஒரே வழியில் இருபது ஆண்டுகள் போய்வந்த இந்த மனிதரே நெருக்கமானவர்.

மலைமேல் நெடுந்தொலைவு போகும் வழக்கம் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. 1868இல் தோன்றிய நார்வே மலையேற்றச் சங்கம் நாடெங்கும் குடில்களை வைத்திருக்கிறது. குளிர்காலத்தின் பிற்பகுதியில், மரமற்ற மேட்டுநிலத்தில் குடிலுக்குக் குடில் பிர்ச் மரக்கிளைகளைப் பனியில் நட்டு வழி காட்டுகிறார்கள். மூடுபனியில் அடுத்த கிளை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மலைக்குப் போவோருக்கான நெறிகளில், உரிய நேரத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்று ஒன்று உண்டு. இரண்டு முறை அதைக் கடைப்பிடித்திருக்கிறேன்.

ஆனால் என் அக்கறை ஊருக்குள் இருக்கும் கடைசி எண்ணூறு மீட்டரில்தான். காட்டிலும் வயலிலும் தடையில்லாமல் வந்த ஸ்கீயை நகரத்தின் முதல் தெருவில் கழற்ற வேண்டியிருக்கிறது. நடப்பவர் வழுக்கி விழாமல் இருக்க நடைபாதையில் ஜல்லித்தூள் தூவுகிறார்கள், சாலையில் பனியை அடியோடு வழித்தெடுக்கிறார்கள். முதியவர்களின் பாதுகாப்புக்கு அது தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஜல்லியில் ஒரே ஒருமுறை ஏறினாலும் ஸ்கீயின் அடிப்பரப்பில் நீளக் கீறல் விழும் என்பதால், ஒவ்வொரு சாலையையும் கடக்க ஒருமுறை கழற்றி, தூக்கிப்போய், காலணியில் ஒட்டிய பனியைத் தட்டி, மறுபடி மாட்ட வேண்டும். அகலமான நடைபாதைகளில் ஒரு ஓரமாக ஒரு மீட்டர் அகலத்துக்குப் பனியை அப்படியே, ஜல்லி தூவாமல் விட்டுவைத்தால் போதும். சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடுகிறோம். இதற்குத் தார் போட வேண்டியதுகூட இல்லை, இருப்பதை விட்டுவைத்தாலே போதும். ஸ்கீயை ஓய்வுநாள் பொழுதுபோக்காக மட்டும் எண்ணும் பழக்கம், அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிவரும் நாட்டிலேயே இவ்வளவு வேரூன்றிவிட்டதால்தான் இந்த எளிய ஏற்பாடுகூட யாருக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். வார இறுதியில் ஸ்கீகளைக் காரின் கூரையில் கட்டி, மேலே மலையில் உள்ள சுஷோயன் என்ற இடத்துக்கு ஓட்டிச் சென்று, இரண்டு மணி நேரம் ஸ்கீயில் சுற்றிவிட்டுக் காரிலேயே திரும்பும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களிடம் குறை காணவில்லை. வீட்டு வாசலிலிருந்தே கிளம்பிப் பாருங்கள் என்று மட்டும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருவர் அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

பனிக்காலம் தாழ்வான இடங்களில் சுருங்கி வருவதைக் கண்ணாரக் காண்கிறேன். பனி நிலைக்காத ஊர்களில் இயந்திரத்தால் பனி செய்து, ஒன்றிரண்டு கிலோமீட்டர் வட்டமாகத் தடம் போட்டு, அதில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பயிற்சிக்கு அது உதவும், குழந்தைகள் கற்றுக்கொள்வார்கள். ஆனால் கிளம்பிய இடத்திலேயே வந்து முடியும் தடத்தில் எங்கும் போய்ச்சேர முடியாது. டிகெர்வார்டன் ஸ்கீகள் நம் கைக்குக் கிடைத்ததும் பனி உருகியதால்தான் என்பதை அருங்காட்சியகத்தில் நின்று நினைத்தபோது என்னால் நெடுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

இந்த ஆண்டு கடைசியாக ஸ்கீயில் வேலைக்குப் போனது ஏப்ரல் முதல் வாரத்தில். வயலின் வடக்கு ஓரத்தில், காட்டின் நிழல் விழும் இடத்தில், ஒரு ஸ்கீத் தட அகலத்துக்குப் பனி எஞ்சியிருந்தது. யாரோ எனக்கு முன்பே அதில் போயிருந்தார்கள். மாலையில் திரும்பும்போது நடுவே இரண்டு இடங்களில் மண் தெரிந்தது, பழுப்பு நிறப் புல் நனைந்து படுத்திருந்தது. ஸ்கீகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். பனி இருந்திருந்தால், சட்டப்படி அந்த வயல் ஏப்ரல் 29 வரை எனக்குத் திறந்திருக்க வேண்டியது. பனி அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. பண்ணைக்காரர் களஞ்சிய வாசலில் நின்று அடுத்த விதைப்புக்கான இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார், நான் சாலை வழியே போவதைப் பார்த்துக் கையசைத்தார்.